இரண்டாவது கேள்வி

மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட றேடியோ, மின்விசிறி, தண்ணி மோட்டர் எல்லாம் திருத்தும் கடை வைத்திருக்கிறவர் அவர். நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தால் அவருடைய மேசையில் ஒரே வகைச் சாமான்கள் சேரத் தொடங்கும். கனடாவிலிருந்து வந்த பிள்ளைகள் தாய்க்கு ஆசையாய்க் கொண்டுவந்த ரைஸ் குக்கர், கேத்தில், தலைமயிர் உலர்த்தும் கருவி என்று வரிசையாய் வரும். "தம்பி, ரொறன்ரோவிலை மகள் வாங்கினது. ஒருக்காத்தான் போட்டனான், புகைஞ்சு போச்சு" என்று ஒரு அம்மா குக்கரை வைப்பார். அவர் மூடியைத் திறப்பதற்கு முன்பே கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ், 700 வாற்று என்று அங்கே அச்சடித்திருக்கும்.

கனடாவில் அந்தக் குக்கர் இழுப்பது 6 அம்பியருக்குச் சற்றுக் குறைவு. அதன் சூட்டுக் கம்பியின் தடை ஏறத்தாழ 20 ஓம். அதே கம்பியை யாழ்ப்பாணத்து 230 வோல்ற்றில் செருகினால் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அழுத்தம் ஏற, ஓட்டமும் அதே அளவு ஏறி 11 அம்பியரைத் தாண்டுகிறது. இரண்டையும் பெருக்கிவருவதுதான் வலு. ஆகவே 700 வாற்றுக்குச் செய்த சாமான் 2,500 வாற்றுக்கு மேல் தாங்கவேண்டிவருகிறது. அரிசி வேகுமுன் கம்பி வெந்துவிடும்.

அதே பெட்டியில் வந்த கைத்தொலைபேசிச் சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது. அதன் முதுகில் 100 முதல் 240 வோல்ற்று வரை என்று எழுதியிருக்கும். உள்ளே உள்ள சுற்று, வருகிற அழுத்தத்துக்கு ஏற்ப ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்துத் தனக்கு வேண்டிய வலுவை மட்டும் எடுத்துக்கொள்ளும். இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வருகிறவையும் பிழைத்துக்கொள்கின்றன. அங்கும் 230 வோல்ற்றுத்தான், பிளக்கின் வடிவம் மட்டும் வேறாய் இருக்கலாம். சுவரில் செருகி ஓடும் பழைய வகை மணிக்கூடு கனடாவிலிருந்து வந்தால் இன்னொரு சங்கடம். அழுத்தத்தைக் குறைத்துக் கொடுத்தாலும் 60 ஹேர்ட்சை எண்ணி ஓடும்படி செய்த மோட்டர் 50 ஹேர்ட்சில் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும்.

குக்கரைக் காப்பாற்ற ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்கலாமா என்று கேட்பார்கள். அப்போதுதான் அவர் தன் தொழிலின் முக்கியமான கேள்விக்கு வருவார். எத்தனை வோல்ற்று என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை அம்பியர் என்று கேட்பவர் குறைவு. கடையில் கிடைக்கிற 500 வாற்றுப் பெட்டி 230ஐ 120 ஆக்கிக் கொடுக்கும், அதில் குறையில்லை. ஆனால் 700 வாற்றுக் குக்கரை அதில் மாட்டினால் இந்தமுறை எரிவது பெட்டி.

இந்த இரண்டாவது கேள்வியை அவர் எந்தப் பாடசாலையிலும் படிக்கவில்லை. மின்சாரமே இல்லாத ஊரில் மின்சாரத் தொழில் பார்த்தபோது படித்தார்.

எண்பதுகளில் ஒரு றேடியோக் கடையில் உதவியாளாய்ச் சேர்ந்து கம்பி உரிக்கவும் ஈயம் ஒட்டவும் பழகியவர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் தெற்கிலிருந்து வந்த மின்சாரம் குடாநாட்டுக்கு இல்லாமல் போனது. பெற்றோல், மண்ணெண்ணெய், டோர்ச் பற்றரி என்று எரிவதும் எரியவைப்பதும் எல்லாமே பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டன. மக்கள் ஜாம் போத்தலுக்குள் சிறு திரி வைத்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாய்ச் செலவழித்த காலம் அது. மின்சாரம் போனால் மின்சாரத் தொழிலும் போய்விடும் என்றுதான் எவரும் நினைப்பர். நடந்தது நேர்மாறு. மிச்சமிருந்த ஒவ்வொரு வாற்றையும் பிழிந்தெடுக்கத் தெரிந்தவனுக்கு வேலை குவிந்தது.

ஈயம் ஒட்டும் கோல் மின்சாரத்தில் சூடாகும் கருவி. அது செயலற்றுப்போக, செப்புத் தண்டு ஒன்றைச் சிரட்டைக் கரி நெருப்பில் சூடாக்கி அதால் ஒட்டினார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தக் கம்பி உருக 190 பாகை செல்சியஸ் அளவு போதும். கரி நெருப்பு அதைவிடப் பலமடங்கு சூடு. தண்டு கனிந்து சிவக்கக்கூடாது, சிவந்தால் முனை கருகி ஈயம் பிடிக்காது. எப்போது எடுக்கவேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும்.

அளவுக் கருவியிலும் ஒரு கொடுப்பினை இருந்தது. அவரிடம் இருந்தது முள் ஆடும் பழைய மல்ரிமீற்றர். வோல்ற்றும் அம்பியரும் அளக்க அதற்குச் சொந்தப் பற்றரி தேவையில்லை. அளக்கப்படுகிற மின்சாரமே முள்ளைத் தள்ளும். தடை அளக்க மட்டும்தான் உள்ளே பற்றரி வேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது சயிக்கிள் கரியரில் அவர் கட்டிக்கொண்டு போன சாமான்களில் அந்த மீற்றரும் ஒன்று.

அந்த மீற்றர் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதற் பாடம் செத்த பற்றரிகளைப் பற்றியது. டோர்ச் எரியவில்லை என்று கழற்றி எறிந்த பற்றரியை மீற்றரில் வைத்தால் 1.3 வோல்ற்றுக் காட்டும். புதியதோ 1.5. ஏறத்தாழ முழுதாய் இருக்கிறதே, பிறகேன் டோர்ச் எரியவில்லை?

பற்றரி கிழடாகும்போது அதன் உள்ளே உள்ள தடை கூடுகிறது. அது 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டோர்ச் பல்ப் 0.3 அம்பியர் கேட்கிறது. அந்த ஓட்டம் பற்றரிக்குள்ளேயே 0.6 வோல்ற்றைத் தின்றுவிட, வெளியே வருவது வெறும் 0.7 வோல்ற்று. பல்ப் செங்கட்டியாய்க் கனன்று அணைகிறது. சின்ன றேடியோ மெதுவான சத்தத்தில் கேட்பது 0.03 அம்பியர்தான். அதற்கு உள்ளே தொலைவது 0.06 வோல்ற்று. டோர்ச்சுக்குச் செத்த அதே பற்றரி றேடியோவுக்கு உயிரோடிருக்கிறது. றேடியோவுக்கும் செத்த பின் சுவர் மணிக்கூட்டில் போட்டால் இன்னும் சில மாதம் ஓடும், ஏனெனில் மணிக்கூடு கேட்பது அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆகவே ஊரில் ஒரு ஒழுங்கு தானாக உருவானது. பற்றரி முதலில் டோர்ச்சுக்கு, பிறகு றேடியோவுக்கு, கடைசியில் மணிக்கூட்டுக்கு. வெயிலில் காயவைப்பார்கள், சுடுநீரில் அவிப்பார்கள், அடியில் ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விடுவார்கள். காய்ந்துபோன பசையில் ஈரம் ஏறினால் உள்தடை கொஞ்சம் இறங்கும், அதனால் ஒன்றிரண்டு இரவு கூடக் கிடைக்கும். இரண்டு பற்றரி போடும் றேடியோவுக்கு நாலைந்து கிழட்டுப் பற்றரிகளைப் பத்திரிகைத் தாளில் சுருட்டி வரிசையாய்க் கட்டிக் கொடுத்ததும் உண்டு. வோல்ற்று கூடுகிறதே என்று பார்த்தவர்கள் பயந்தார்கள். ஓட்டம் எடுக்கத் தொடங்கியதும் உள்தடை அதைச் சரிக்கட்டிவிடும் என்று அளந்து பார்த்திருந்ததால் அவர் பயப்படவில்லை.

பற்றரிகள் முழுதாய்த் தீர்ந்தபோது சயிக்கிள் வந்தது. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்கவேண்டும். மணிலாவிலிருந்து வெரித்தாஸ் தமிழ் கேட்கவேண்டும். எங்கே ஷெல் விழுந்தது, பாதை திறக்குமா, பேச்சுவார்த்தை நடக்குமா என்பதெல்லாம் அந்தச் சிற்றலையில்தான் வந்தது. முற்றத்தில் சயிக்கிளைத் தலைகீழாய் நிறுத்திவைத்து ஒரு பொடியன் பெடலைக் கையால் சுற்ற, ரயரில் உரசும் டைனமோவிலிருந்து றேடியோ பாடும். அக்காலத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்தக் காட்சியைச் சொல்லாமல் விடுவதில்லை. அதற்குள் இருந்த தொழில்நுட்பத்தைச் சொல்பவர்கள்தான் குறைவு. அது சாதாரணமானதல்ல.

சயிக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. அதாவது அரை அம்பியர். முதற் சிக்கல், அது தருவது திசை மாறிமாறி ஓடும் மின்சாரம். றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசை. நாலு டயோட்டைப் பாலமாய்க் கட்டி, இரைச்சல் அடங்க ஆயிரம் மைக்றோபரட் கப்பாசிற்றர் ஒன்றைக் குறுக்கே வைக்கவேண்டும். புதிதாய் வாங்கக் கடை கிடையாது. ஓடாமல் மூலையில் கிடந்த ரிவிகளின் பலகைகளிலிருந்து அவற்றைக் கழற்றினார். மின்சாரம் போனதால் பயனற்றுப்போன பெட்டிகள், மின்சாரத்துக்கு வேறு வழி தேடியவருக்குக் களஞ்சியமாயின.

இரண்டாவது சிக்கல் ஆபத்தானது, பல றேடியோக்களைக் கொன்றது. டைனமோவில் எழுதியிருக்கும் 6 வோல்ற்று என்பது அதற்குரிய பல்ப் மாட்டியிருக்கும்போது மட்டும் உண்மை. அரை அம்பியரை எடுத்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அழுத்தம் சக்கரத்தின் வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும். வேகமாய்ச் சுற்றினால் 20 வோல்ற்றையும் தாண்டும். பொடியன் உற்சாகமாய்ச் சுற்ற, றேடியோ ஒரு "டப்" சத்தத்தோடு அடங்கிவிடும். பற்றரியில் ஒழுங்காய் ஓடினதுதானே, டைனமோவும் 6 வோல்ற்றுத்தானே என்று சொந்தக்காரர் அழாக்குறையாய்க் கொண்டுவந்து கொடுப்பார்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டால் மருந்து கிடைக்கும். றேடியோ கேட்பது மிகக் கொஞ்ச அம்பியர். மிச்சத்தைக் குடிக்க ஆள் வேண்டும். சயிக்கிளின் சொந்த முன்விளக்குப் பல்பைக் கழற்றாமல் பக்கத்திலேயே எரியவிட்டால் போதும், அது 0.4 அம்பியரை இழுத்துக்கொள்ள அழுத்தம் அடங்கி நிற்கும். சனம் இதை வீண்செலவென்று நினைத்துப் பல்பைக் கழற்றிவிடும், அவர் திரும்ப மாட்டுவார். மிஞ்சிய வோல்ற்றை இறக்க வழியில் டயோட்டுகளைக் கோர்த்தார், ஒவ்வொன்றும் 0.7 வோல்ற்றளவு விழுங்கும். 6 வோல்ற்று றேடியோவுக்கு ஒன்றிரண்டு போதும், 3 வோல்ற்று றேடியோவுக்கு ஐந்தாறு வேண்டும். அவர் கட்டிக்கொடுத்த அந்தச் சின்னப் பெட்டிகள் ஏழாலையிலும் இணுவிலிலும் பல வீடுகளில் ஓடின. கட்டணமாய்ச் சிலர் வெங்காயம் கொடுத்தார்கள்.

வசதியுள்ளவர்கள் கார் பற்றரி வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் வைத்திருப்பவரிடம் கொடுத்து ஏற்றி எடுப்பார்கள். ஒரு கலியாண வீட்டில் 60 வாற்றுக் கார் ஹெட்லைற் பல்பைப் பந்தலில் கட்டச் சொல்லி அழைத்தார்கள். பற்றரி வீட்டுக்குள்ளே, பந்தல் இருபது மீற்றர் தள்ளி. கிடந்த மெல்லிய வயரை இழுத்து மாட்டினால் பல்ப் மங்கலாய், மஞ்சள் பூத்து எரிந்தது. பற்றரி பழுது என்று வீட்டுக்காரர் கோபித்தார். பழுது பற்றரியில் இல்லை.

12 வோல்ற்றில் 60 வாற்று வேண்டுமானால் 5 அம்பியர் ஓடவேண்டும். ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்பு வயர், போக வர நாற்பது மீற்றர், 0.7 ஓம் தடை. 5 அம்பியர் அதில் ஓடினால் 3.5 வோல்ற்று வழியிலேயே தொலையும். 12இல் 3.5 போனால் பல்புக்கு என்ன மிஞ்சும்? இதே வயரில் இதே 60 வாற்றை 230 வோல்ற்றில் அனுப்பியிருந்தால் ஓட்டம் கால் அம்பியர், வழியில் போவது 0.2 வோல்ற்றுக்கும் குறைவு. ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. அவர் வயரை மாற்றவில்லை. பற்றரியைத் தூக்கிப் பந்தலுக்குக் கீழே வாழைமரத்தடியில் வைத்தார்.

இந்தக் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு நெடுங்கோபுரங்களின் உயரம் புரியும். போர் முடிந்து சில ஆண்டுகளில் கிளிநொச்சி வழியாக 132 கிலோவோல்ற்றுக் கம்பி சுன்னாகத்துக்கு வந்தது. அதே காலத்தில், 2013 ஜனவரியில், சுன்னாகத்தில் 24 மெகாவாற்று 'உதுறு ஜனனி' மின் நிலையம் திறக்கப்பட்டது. அந்த 24 மெகாவாற்றை 132 கிலோவோல்ற்றில் மூன்று கம்பிகளில் அனுப்பினால் ஒவ்வொன்றிலும் ஓடுவது நூறு அம்பியரளவு, கைவிரல் தடிப்புக் கம்பி தாங்கும். 230 வோல்ற்றில் அனுப்பப் பார்த்தால் மொத்தம் ஒரு இலட்சம் அம்பியருக்கு மேல் வரும். அதைத் தாங்கப் பனைமரத் தடிப்பில் செம்பு போட்டாலும் வழியிலேயே பெரும்பகுதி சூடாய்ப் போய்விடும்.

கார் பற்றரி இன்னொன்றையும் கற்பித்தது. 12 வோல்ற்று உடம்பைத் தொட்டாலும் உணர்வு தராது, ஆகையால் ஆட்கள் அதை விளையாட்டுச் சாமானாய்க் கையாண்டார்கள். அவருடைய தொழிற்கூட்டாளி ஒருவர் ஸ்பானரால் முனையை இறுக்கும்போது ஸ்பானருக்கும் மற்ற முனைக்கும் நடுவில் விரல் மோதிரம் அகப்பட்டது. பற்றரியின் உள்தடை ஓமின் நூறில் ஒன்றிரண்டு பங்கு. அந்தக் கணத்தில் சில நூறு அம்பியர் மோதிரத்தால் பாய்ந்தது. தங்கம் பழுத்து விரலைச் சுற்றி வெந்த தழும்பு அவருக்கு இன்னும் உண்டு. உடலின் தடையைத் தள்ளிப் புக 12 வோல்ற்றால் இயலாது, உலோகத்துக்குள் புக அதற்கு ஒரு தடையுமில்லை.

மின்சாரம் திரும்பி வந்தபின் சிக்கல்களின் முகம் மாறியது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் வெங்காயமும் புகையிலையும் கிணற்று நீரை நம்பியே நிற்கின்றன. வரிக் கம்பியின் கடைசியில் உள்ள தோட்டங்களில், எல்லோரும் ஒரே நேரம் இறைக்கும்போது 230 வோல்ற்று 180க்கு இறங்குவது உண்டு. வோல்ற்று குறைந்தால் எல்லாமே மெதுவாய் வேலைசெய்யும், அவ்வளவுதானே என்று தோட்டக்காரர் நினைப்பார். மோட்டர் அப்படி நினைப்பதில்லை.

இஸ்திரிப் பெட்டி 180 வோல்ற்றில் குறைவாய்த்தான் இழுக்கும். ஆயிரம் வாற்றுப் பெட்டி 600 வாற்றளவுக்கு இறங்கும், சட்டை மடிப்புப் போகாது, வேறு கேடில்லை. மோட்டர் இழுக்கிற தண்ணீரின் பாரமோ அதேதான். அதே வலுவைக் குறைந்த அழுத்தத்தில் கொடுக்க அது கூடுதல் அம்பியர் இழுக்கிறது. 6 அம்பியர் இழுத்தது 8 இழுக்கும், சுருள் சூடேறும், வார்னிஷ் கருகும். ஓடத் தொடங்கும்போது இன்னும் மோசம். சுழற்றித் தொடங்கும் விசை அழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைவதால் 180 வோல்ற்றில் அறுபது சதவீதம்தான் மிஞ்சும். மோட்டர் உறுமும், திரும்பாது. திரும்பாத மோட்டர் வழமையைவிட ஐந்தாறு மடங்கு அம்பியர் இழுத்தபடி நிற்கும். "உறுமினால் உடனை நிப்பாட்டுங்கோ அண்ணை, ஓடுமெண்டு பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ" என்று அவர் சொல்லாத நாளில்லை. சொன்னபடி கேட்டவர்களின் மோட்டர்கள் அவரிடம் வருவதில்லை. அதில் அவருக்கு மகிழ்ச்சிதான்.

வீடுகளுக்குள் பழைய வட்டப் பின் சொக்கற் பெரிய வில்லன். அது 5 அம்பியருக்குச் செய்தது, 1,150 வாற்று மட்டும் தாங்கும். ஒரு மலிவு அடப்டரைச் செருகி அதில் 2,000 வாற்றுக் கேத்திலை மாட்டினால் ஏறத்தாழ 9 அம்பியர் ஓடும். வோல்ற்று சரி, கேத்திலும் நல்லது, தேநீரும் கிடைக்கும். சுவருக்குள் பிளாஸ்ரிக் மெல்ல மெல்ல உருகிக்கொண்டிருக்கும். 2018 ஆகஸ்டிலிருந்து இலங்கையில் 13 அம்பியர் சதுரப் பின் மட்டுமே விற்கலாம் என்று விதி வந்தது நல்ல காரியம். ஆனாலும் பழைய வீட்டுச் சுவர்களில் வட்டத் துளைகள் இருக்கத்தான் செய்கின்றன.

எல்லாவற்றிலும் அவர் அதிகம் கவலைப்படுவது எர்த் பற்றி. வலிகாமத்துச் செம்மண் பல இடங்களில் ஆழமற்றது. சற்றுத் தோண்டினால் சுண்ணாம்புக் கல் இடறும். எர்த் கம்பியை அடிக்கப் போனவர்கள் கல்லில் முட்டியதும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்காரருக்குக் கம்பி தெரிகிறது, பச்சை வயர் தெரிகிறது, நிம்மதி.

குளிர்சாதனப் பெட்டியின் உடலில் உள்வயர் ஒன்று பட்டுவிட்டதென்று வைப்போம். எர்த்தின் தடை 50 ஓம் என்றால் மண்ணுக்குப் போகும் ஓட்டம் 4.6 அம்பியர்தான். 16 அம்பியர் பிறேக்கர் அதை ஒரு குறையாகவே எடுக்காது. பெட்டியின் உடல் உயிரோடு நிற்கும். காய்ந்த கையென்றால் தோலின் தடை பல்லாயிரம் ஓம், ஒரு சுரீர் என்றதோடு போகலாம். கிணற்றடியில் குளித்துவிட்டு வெறுங்காலோடு வந்து தொட்டால் தடை ஆயிரம் ஓமளவுக்கு இறங்கும்; ஓடுவது 200 மில்லிஅம்பியருக்கு மேல். இதயத்தைக் குழப்பிக் கொல்ல அதில் பாதியே தாராளம். அந்தக் கேத்தில் இழுக்கிற அம்பியரின் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு, ஒரு ஆளை எடுத்துவிடுகிறது.

இதற்காகத்தான் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ட்ரிப் சுவிட்ச். போன ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் 30 மில்லிஅம்பியர் வித்தியாசப்பட்டால் அது விழுந்துவிடும். எர்த்தின் தடை 300 ஓமாகக் கெட்டிருந்தாலும் கசிவு முக்கால் அம்பியர் வரும், அதுவே அதை இருபத்தைந்து தடவை விழுத்தப் போதும். அடிக்கடி விழுகிறதென்று அதைத் தவிர்த்து நேரே வயரிங் பண்ணச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு மட்டும் அவர் எவ்வளவு கொடுத்தாலும் போவதில்லை. கசிகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தித் தருவார், அல்லது வந்த வழியே திரும்புவார்.

எர்த் அளக்கக் கூப்பிட்டால் ஆவணியில் கூப்பிடுங்கள் என்பார். மார்கழி மழையில் ஊறிய மண் நல்ல இலக்கம் காட்டும், அதை நம்பி ஆண்டு முழுக்க இருந்துவிடக்கூடாது. வெயிலில் காய்ந்து வெடித்த மண்ணில் மீற்றர் காட்டுகிற இலக்கம்தான் வீட்டின் உண்மையான கணக்கு. அது கூடினால், வளவில் செம்மண் ஆழமாய் உள்ள மூலையைத் தேடி இரண்டாவது கம்பி ஒன்றை இறக்கி, முதலாவதோடு செப்பு வயரால் இணைத்துவிட்டு, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒருக்கால் அமத்திப் பார்க்கும்படி வீட்டிலுள்ள பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவார்.